கார்ப்பருவம்: பெய்யும் மழையும் வரவிருக்கும் மழையும்

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஆண்டின் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிறது. ஆயினும் மழைக்காலத்துக்குரிய ஏக்கத்தையும் மகிழ்ச்சியையும் தன்னிடம் குவித்துவைத்திருக்கும் கார்காலத்தைப் பழந்தமிழ் அகமரபு ஆவணி, புரட்டாசி என்னும் இரு மாதங்களில் வைத்திருக்கிறது. ஓராண்டை இரண்டிரண்டு மாதங்கள் கொண்ட ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த அம்மரபில், அடைமழை கொட்டும் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்னும் தனிப் பருவமாக அடுத்து வருகின்றன. மழைமானியின் பதிவேட்டை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த வரிசை விந்தையாகத் தோன்றும்: மழை குறைவாகப் பெய்யும் மாதங்களுக்கு மழைக்காலத்தின் பெருமையும், மிகுதியாகப் பெய்யும் மாதங்களுக்குக் குளிரின் அடையாளமும் எப்படி வாய்த்தன? இக்கேள்விக்கு விடை தேடிச் செல்லும்போது, தமிழ் நிலத்தில் மழை தந்த மகிழ்ச்சி பெய்துகொண்டிருக்கும் மழையைக் காட்டிலும் வரவிருக்கும் மழையையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதும், அதனுள் ஐயமும் அச்சமும் தொடக்கம் முதலே கலந்திருந்தன என்பதும் புலப்படுகின்றன.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் அகத்திணையியல் ஒவ்வொரு திணைக்கும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றை வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். அந்நிலத்துக்குப் பொருத்தமாகக் கொள்ளப்பட்ட உணர்வொழுக்கம் உரிப்பொருள். காடும் காடு சார்ந்த இடமுமாகிய முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். அதாவது பிரிந்து சென்ற தலைவன் குறித்த பருவத்தில் திரும்புவான் என்று தலைவி ஆற்றியிருப்பது. மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியன. அதன் உரிப்பொருள் புணர்தல். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மழை ஒன்றே ஆயினும் உணர்ச்சிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பது தெரியவரும். மழை திரண்டு வரும் காலம் காத்திருப்புக்கு. மழை நின்று பெய்யும் காலம், வழியின் இடர்களைக் கடந்து நள்ளிரவில் வந்து கூடும் களவுக்கு. இவற்றுள் தமிழ் நினைவில் மழைக்காலமாகவே தங்கிவிட்டது முன்னதுதான். பதினெண்கீழ்க்கணக்கில் மழைப்பருவத்தைப் பாட எழுந்த தனி நூலும் மதுரைக் கண்ணங்கூத்தனாரின் கார் நாற்பதாகவே அமைந்தது.

இப்பகுப்பைப் புலவர்களின் கற்பனை மரபு என்று ஒதுக்கிவிடாமல் இருப்பதற்கு, இந்நிலத்தின் மழை எங்கிருந்து எப்படி வருகிறது என்பதைப் பார்ப்பது உதவும். இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றே மழைக்காலத்தைக் கொண்டுவருகிறது. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பங்கைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று வறண்டு போவதால் கிழக்கே உள்ள தமிழ்நாடு மழைமறைவுப் பகுதியாகிறது. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் விட்டுக்கொடுக்கும் இடங்களில் மட்டும் சாரலாக அம்மழை எட்டிப்பார்க்கிறது. குற்றாலத்தின் பருவகாலம் அத்தகைய கொடை. அக்டோபரில் காற்று திசைமாறி, வங்கக்கடலைக் கடந்து வடகிழக்கிலிருந்து வீசும்போதுதான் தமிழகக் கடற்கரைக்குப் பெருமழை கிடைக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரியான ஏறத்தாழ 92 செ.மீ. மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் அப்பங்கு இன்னும் கூடுதல்.

ஆனால் முல்லை கடற்கரை நிலமன்று. புன்செய்யும் மேய்ச்சற்காடும் நிறைந்த உள்நாட்டு மேட்டுநிலங்களில், சேலம், தருமபுரி, வேலூர் வட்டாரங்களில், மழையின் நடை வேறு. அங்கே தென்மேற்குப் பருவத்தில் பெய்யும் மழையின் பங்கு வடகிழக்குப் பருவத்தின் பங்குக்குக் குறைந்ததன்று. அம்மழை வரும் விதமும் தனி. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பகல் முழுதும் வெயிலில் காய்ந்த நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அது மேலெழும்பிக் குளிர்ந்து பிற்பகலில் பெருமுகிலாகத் திரண்டு, மாலையிலோ முன்னிரவிலோ இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கிறது. வெப்பச்சலன மழை என்று வானிலையாளர் குறிப்பிடுவது இதைத்தான். முல்லைக்குக் காரையும் மாலையையும் ஒருசேர வகுத்தவர்கள் இந்த இடிமழையின் நேரத்தை நன்கறிந்தவர்கள் என்று கருத இடமுண்டு. மேய்ச்சலுக்குப் போன ஆநிரை திரும்பும் பொழுதும், மேற்கே முகில் கறுக்கும் பொழுதும், வினைமேற்சென்றவன் வருவானோ என்று வழிபார்க்கும் பொழுதும் ஒன்றாகிவிடுகின்றன. இலக்கண நூற்பா ஒன்று இத்தனை துல்லியமாக வானிலையோடு ஒத்துப்போவது தற்செயலாகத் தோன்றவில்லை.

இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் சான்று கிடைக்கிறது. பழந்தமிழ் நிலத்தின் ஒரு பகுதியாகிய சேரநாட்டு மேற்குக் கரையில் பெருமழை ஆனியிலும் ஆடியிலும் பெய்கிறது. மலையாள ஆண்டின் கர்க்கடக மாதம் இன்றும் அங்கே மழையும் பற்றாக்குறையும் மிகுந்த மாதமாகவே நினைவுகூரப்படுகிறது. பொழுதுப் பகுப்போ அதே ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்று உரைக்கிறது. ஆறு பருவங்களின் வரிசையை வகுத்த கண்கள் மலைத்தொடரின் கிழக்கே, மழைமறைவு நிலத்தில் நின்றே வானத்தைப் பார்த்தன என்று இதிலிருந்து உய்த்துணரலாம். ஒரு தடையையும் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். தமிழ் மாதங்கள் விண்மீன்களின் பின்னணியில் கதிரவன் நிற்கும் இடத்தைக் கொண்டு கணிக்கப்படுவதால், புவி அச்சின் மெதுவான சுழற்சி காரணமாக அவை பருவங்களை விட்டு நகர்ந்துகொண்டே வருகின்றன. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளில் இந்த நகர்வு 24 நாள் அளவுக்கு வந்திருக்கிறது. எனவே பழைய ஆவணி, இன்றைய ஆவணியைவிடச் சற்று முன்னதாக, ஜூலை இறுதியை ஒட்டித் தொடங்கியிருக்கும். இந்தத் திருத்தம் கார்காலத்தைப் பெருமழையிலிருந்து இன்னும் விலக்குகிறதே தவிர நெருக்கவில்லை.

பத்துப்பாட்டில் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு இக்காத்திருப்பின் முழு இலக்கணம். நப்பூதனார் இயற்றிய அதன் 103 அடிகளுள், மலைமேல் மழை பொழிந்த ஒரு மாலையில் முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லையும் முல்லைப்பூவையும் தூவி விரிச்சி கேட்கின்றனர். விரிச்சி என்பது, பிறர் தமக்குள் இயல்பாகப் பேசிக்கொள்ளும் சொல்லைக் காதிற்கொண்டு அதை நற்குறியாகப் பொருள்கொள்ளும் வழக்கம். அவர்களுக்குக் கிடைப்பது, குளிரில் நிற்கும் ஓர் இடைமகள் தாயைத் தேடும் கன்றிடம், தாய்ப்பசு இப்போது வந்துவிடும் என்று சொல்லும் ஆறுதல். அரசமாதேவியின் பிரிவாற்றாமைக்கு மருந்தாக ஒரு கன்றுக்குச் சொன்ன சொல்லையே புலவர் தெரிந்தெடுத்தார் என்பது கவனத்துக்குரியது: காத்திருத்தல் என்னும் நிலையில் அரண்மனையும் தொழுவமும் வேறுபடுவதில்லை. பாட்டு முடியும் இடமும் அவ்வாறே. பூத்த காட்டின் வழியே தேர் விரைந்து வர, அதிற் பூட்டிய குதிரைகளின் கனைப்பொலி தலைவியின் செவியை நிறைக்கிறது; அத்தோடு பாட்டு நின்றுவிடுகிறது. இருவரும் சந்திப்பது பாடப்படவில்லை. வரவைக் கேட்ட அளவிலேயே முல்லையின் மகிழ்ச்சி முழுமையடைந்துவிடுகிறது.

மழைக்காலத்தில் பிரிவைப் பாடுவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. காளிதாசரின் மேகதூதத்தில் பிரிந்தவன் முகிலையே தூதனுப்புகிறான். மகாராட்டிரப் பிராகிருதத்தில் தொகுக்கப்பட்ட காதா சப்தசதியிலும் மழையும் வழிப்போக்கனும் அவன் மனைவியும் திரும்பத் திரும்ப வருகின்றனர். சங்கப் பாடல்களுக்கும் வடமொழிக் கவிதைகளுக்கும் உள்ள இத்தகைய ஒப்புமைகளை ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். பொது மூலம் எதுவாயினும், வழிகள் சேறாகி ஆறுகள் பெருகும்முன் வீடு திரும்பியாக வேண்டும் என்ற பயணக் கட்டாயம் எல்லா இடத்திலும் ஒன்றே. தமிழ்ப் பாடல்களின் தனித்தன்மை, மழை மெய்யாகவே வந்துவிட்டதா என்ற வாதத்தில் இருக்கிறது. குறுந்தொகையின் 66ஆம் பாடலில், மழை பெய்து கொன்றை பூத்துவிட்ட பின்னும் தலைவன் வாராமை கண்டு கலங்கும் தலைவியிடம், இது பருவமழையே அன்று, பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பி அறிவற்ற மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று தோழி சாதிக்கிறாள். வேறொரு பாடலில் தலைவி தானே, காடு இது கார் என்று கூறினாலும் தலைவர் பொய் கூறமாட்டார் ஆதலால் தான் நம்பப்போவதில்லை என்கிறாள். பருவத்தை ஒரு வாக்குறுதியின் கெடுவாக வைத்துவிட்ட சமூகத்தில் மழையின் முதல் துளி எத்தகைய சிக்கலை உண்டாக்கும் என்பதை இதைவிட நுட்பமாகச் சொல்ல இயலாது. பொழியும் மழையையே இல்லை என்று மறுக்கத் துணியும் இப்பாடல்கள், பருவமழை பொய்ப்பதும் முந்துவதும் வழக்கமாகிய நிலத்தில் மட்டுமே தோன்றக்கூடியவை.

மரங்கள் ஏமாறும் என்ற செய்தி வெறும் அணியுமன்று. முதல் மழை தரும் குறிப்பை உயிரினங்கள் தம் இனப்பெருக்கத்துக்கான அழைப்பாகக் கொள்கின்றன. சங்கப் பாடல்களில் மூதாய் என்று வரும் செந்நிறச் சிற்றுயிரி, இன்றைய ஊர்வழக்கில் தம்பலப்பூச்சி, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு மழை நனைத்த சில நாட்களில் மட்டும் மேலே வந்து இணைதேடுகிறது. தவளைகளின் ஓயாத ஒலியும் ஆண்கள் துணையை அழைக்கும் ஒலியே. மயிலின் ஆட்டமும் அதன் இணைசேரும் பருவத்தோடு பட்டது. ஈசல் புற்றைவிட்டுத் திரளாக எழுவது ஈரமண்ணில் புதுக்குடி அமைப்பதற்காக. ஈரம் இல்லாத நிலத்தில் அதன் குடி நிலைக்காது. எழுந்த ஈசலைப் பிடித்து வறுத்துத் தின்பது இன்றும் பல ஊர்களில் மழைக்காலத்துச் சிறுவர்களின் கொண்டாட்டமாக இருக்கிறது. புறநானூற்றில், பாரி மறைந்தபின் அவனது பறம்பு நாட்டை நினைந்து பாடும் கபிலர், கார்மழை பெய்து ஓய்ந்த காலத்தில் புற்றின் ஈயலைக் கொண்டு மோரிற் சமைத்த புளித்த உணவை நினைவுகூர்கிறார். அழிந்த நாட்டின் வளத்தைச் சுட்ட அரண்மனையையும் அணிகலனையும் விட்டுவிட்டு மழைநாளின் ஓர் எளிய உணவை அவர் எடுத்துக்கொண்டது, மழையின் ஈர்ப்பு நாவிலும் மூக்கிலும் எவ்வளவு ஆழமாகத் தங்கும் என்பதற்குச் சான்று.

மூக்கைப் பற்றிய பேச்சு மண்வாசனைக்கு இட்டுச் செல்கிறது. ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் ஆகிய இருவரும் 1964இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை, வறண்ட காலத்தில் பாறையிலும் மண்ணிலும் படியும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்கள் ஈரம் பட்டதும் வெளியேறுவதே இம்மணத்துக்குக் காரணம் என்று விளக்கி, அதற்குப் பெட்ரிகோர் என்ற பெயரையும் தந்தது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் சுட்ட களிமண்ணிலிருந்து இம்மணத்தை வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கும் தொழில் அதற்கு முன்பிருந்தே நடந்துவந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் இம்மணத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதை உணர்ந்துவிடும். துளி மண்ணில் விழும் கணத்தில் அதனடியில் சிக்கிய காற்று குமிழ்களாக மேலெழுந்து வெடித்து, மணத்தை நுண்திவலைகளாகக் காற்றில் தூவுகிறது என்பதை 2015இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவிகளால் பதிவுசெய்து காட்டினர். தூறலும் மிதமான மழையும் விழும்போது இத்திவலைகள் மிகுதியாகவும், கனமழை அறையும்போது குறைவாகவும் உண்டாகின்றன. எனவே மண்வாசனை அடைமழையின் மணமன்று; மழை தொடங்கும் வேளையின் மணம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இடிமுகிலுக்குள் துளிகள் ஆவியாவதால் குளிர்ந்து கனத்த காற்று கீழே பாய்ந்து, தரையில் மோதி நாற்புறமும் பரவுகிறது. மழை வருமுன்னர் மழைக்காற்று வருவது இதனால்தான். எங்கோ முன்னமே நனைந்த நிலத்தின் மணத்தையும், பல பாகை குறைந்த குளிர்ச்சியையும் அது ஒருசேரக் கொண்டுவந்து சேர்க்கிறது. வெயிலில் வெந்த உடலுக்கு மழையின் இன்பம் முதலில் கிட்டுவது, ஒரு துளியும் மேலே விழாத அந்தச் சில நிமிடங்களில். காரைக் கூதிருக்கு முன்வைத்த பொழுதுப் பகுப்புக்கும் உடலின் இந்த அனுபவத்துக்கும் நேரான காரணத்தொடர்பை நிறுவ இயலாது. ஆனால் இரண்டும் ஒரே வரிசையில் செல்கின்றன என்பதைக் காணாமல் விடுவதும் இயலாது.

வந்துவிட்ட மழை எப்படி இருந்தது? அதை அறிய நக்கீரரின் நெடுநல்வாடையைத்தான் நாட வேண்டும். 188 அடிகளில் அமைந்த அப்பாட்டு கூதிர்காலத்தின் ஆவணம் என்றே சொல்லத்தக்கது. வெள்ளத்தை வெறுத்த கோவலர் ஆநிரையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிச்சென்று, கை நெருப்பிற்காய்ந்தும் பல் நடுங்க நிற்கின்றனர்; விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன; மந்திகள் கூனிக்குறுகுகின்றன; பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைக்கிறது. ஊருக்குள் சந்தனம் அரைக்கும் கல் வேலையற்றுக் கிடக்கிறது, விசிறிகள் சிலந்தி வலை படியத் தூங்குகின்றன, சாளரங்கள் தாழிடப்பட்டிருக்கின்றன, மக்கள் குறுகிய வாய்க் கலத்தின் குளிர்நீரை விட்டுத் தடவு என்னும் அகன்ற வாய்ச் சட்டியின் நெருப்பை நாடுகின்றனர். பிச்சிப்பூ மலர்வதைக் கண்டுதான் மாலை வந்ததென்று மகளிர் அறிகின்றனர். கதிரவன் அத்தனை நாளாகத் தென்படவில்லை. இந்நுட்பங்களில் ஒன்றேனும் மகிழ்ச்சியைப் பற்றியதன்று. அழகு இருக்கிறது, ஆனால் அது உற்றுநோக்கும் கண்ணின் அழகு. பாசறையில் தலைவன் நள்ளிரவில் தூறலினூடே புண்பட்ட வீரரைக் காணச் செல்வதோடு பாட்டு முடிகிறது. சங்க இலக்கியத்தின் மிகச் சிறந்த மழைப் பாட்டு எது என்று கேட்டால் இதையே சுட்ட வேண்டியிருக்கும். மிகவும் விரும்பப்பட்ட மழை எது என்று கேட்டால் அது முல்லைப்பாட்டின் மழையாகத்தான் இருக்கும்.

மருதநிலத்தில் காத்திருப்பு வேறு வடிவெடுத்தது. அங்கே மக்கள் எதிர்நோக்கியது ஆற்றில் வரும் புதுப்புனலை. மலையில் பெய்த மழை, பெய்த இடத்தை விட்டு வெகுதொலைவில், பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும் ஒரு நாளில் வெள்ளமாக வந்து சேர்கிறது. இன்று கிடைக்கும் 22 முழுப் பரிபாடல்களுள் எட்டு, வையையின் புதுவெள்ளத்தையும் அதில் மதுரை மக்கள் ஆடிய நீராட்டையும் பாடுகின்றன. ஊடலும் கூடலும் பூவும் சாந்தும் நெரிசலும் ஊர்வம்பும் கலந்த அக்காட்சிகள் பழந்தமிழில் மழை சார்ந்த கொண்டாட்டத்தின் உச்சம். ஆடிப்பெருக்கும் இதே இயல்பினது. குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை காவிரியில் பெருகி வரும்போது, மழையே பெய்யாத தஞ்சைச் சமவெளி ஆடி 18ஆம் நாள் முளைப்பாரியும் கலந்த சோறுமாக ஆற்றங்கரையில் கூடுகிறது. பிறர் நிலத்தில் பெய்த மழையை வரவேற்கும் இவ்விழா, இன்று மேட்டூர் அணையின் மதகு திறக்கும் நாளையும் கர்நாடகத்தின் நீர்க் கணக்கையும் சார்ந்து நிற்கிறது என்பதால், அதன் மகிழ்ச்சியில் அரசியலின் நிழலும் படிந்துவிட்டது.

உழுது விதைப்பவரின் குரலில் இம்மகிழ்ச்சியைக் கேட்பதற்குப் பள்ளு இலக்கியம் வரவேண்டியிருந்தது. பொருநையாற்றங்கரையில் எழுந்த முக்கூடற் பள்ளில் மழைக்குறி பாடும் பகுதி பெயர்பெற்றது. மேற்கே மலையாளத் திசையிலும் தென்கிழக்கே ஈழத்தின் திசையிலும் மின்னல் வெட்டுவதையும், காற்று கிளைகளைச் சுற்றி அடிப்பதையும், கிணற்றுத் தவளை குரலெழுப்புவதையும், நண்டு தன் வளையின் வாயைச் சேற்றால் அடைப்பதையும் ஒவ்வொன்றாக எண்ணி, நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்று பள்ளர்கள் ஆடிப்பாடுகின்றனர். இருதிசை மின்னல் என்பது, இரு பருவக்காற்றுகளுக்கும் இடையில் அமைந்த நெல்லைச் சீமையின் நிலையைக் கூர்ந்து கண்டவரின் கூற்று. அங்கும் பாட்டின் களிப்பு முழுதும் நாளைய வெள்ளத்தைப் பற்றியது. அன்று பெய்த மழையைப் பற்றியதன்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முல்லைத் தலைவி மழையோடு ஒருவனை எதிர்பார்த்தாள்; பண்ணையின் வயலில் உழைத்த பள்ளனுக்கு மழை வேலையையும் கூலி நெல்லையும் குறித்தது. பிறர் நிலத்தில் பாடுபட்டவரே இத்துள்ளலைப் பாடுவதாக அமைத்த புலவர், அவர்கள் வாய்க்குள் பண்ணையின் மகிழ்ச்சியையும் சேர்த்தே வைத்தாரோ என்ற ஐயம் எழாமல் இல்லை.

மழை தவறிய ஆண்டுகளில் காத்திருப்பு வேண்டுதலாகவும், வேண்டுதல் சினமாகவும் மாறியது. வானம்பார்த்த நிலங்களில் மழைச்சோறு எடுக்கும் வழக்கம் இருந்தது: ஊர்ப் பெண்கள் வீடுவீடாகச் சென்று சோறோ கஞ்சியோ ஏந்திப் பெற்று, ஒரே கலத்தில் கூட்டி, பொது இடத்தில் பகிர்ந்து உண்டு, பிழைக்க வழியின்றி ஊரைவிட்டே போகிறோம் என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பர். கொடும்பாவி கட்டி இழுப்பதில், ஊரின் தீவினையெல்லாம் திரண்ட உருவமாக ஒரு வைக்கோற்பாவையைச் செய்து, பிணத்தைப் போலத் தெருத்தெருவாக இழுத்துச் சென்று எரிப்பர். இச்சடங்குகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் மழைச்சோற்றில் செல்வரும் வறியரும் ஒரே கலத்துச் சோற்றை உண்ணும்போது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது; மழையைக் கொணர்ந்ததோ இல்லையோ, பஞ்சத்தின் அளவை அது வெளிப்படையாக்கியது. திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்தே வான்சிறப்பு வைக்கப்பட்டதும், அதன் பத்துக் குறள்களில் மழை இல்லாமையால் வரும் கேடு திரும்பத் திரும்பப் பேசப்படுவதும் இவ்வச்சத்தின் உயர்ந்த வடிவமே.

கூதிரின் பெருமழையை மகிழ்ச்சியாக மாற்றிய அமைப்பு ஏரி. சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் மழையை ஆண்டு முழுமைக்கும் தேக்கிவைக்கத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. அவை நிரம்பிக் கலிங்கு வழியே மிகைநீர் வெளியேறுவதைக் கோடி போவது என்றும், தென்மாவட்டங்களில் மறுகால் பாய்வது என்றும் கூறுவர். பல ஆண்டுகளுக்குப் பின் ஏரி கோடி போனால், ஊரார் கலிங்கில் பூத்தூவி, கிடா வெட்டிப் பொங்கலிடுவது இன்றும் செய்தியாகிறது. மேலூரின் ஏரி நிரம்பினால்தான் கீழூருக்கு நீர் என்ற சங்கிலித்தொடர் அமைப்பில், ஓர் ஊரின் கோடி அடுத்த ஊரின் காத்திருப்பை முடித்துவைக்கிறது. பெய்து முடிந்த மழைக்காகத் தமிழர் கொண்டாடிய விழா என்று எதையேனும் சொல்லலாமெனில் இதைத்தான் சொல்ல வேண்டும். அங்கும் கொண்டாடப்படுவது வரவிருக்கும் அறுவடையே.

எல்லாத் தொழிலுக்கும் மழை இனியதன்று என்பதையும் சேர்த்துச் சொன்னாலொழிய இந்த வரலாறு ஒருபக்கமானதாகிவிடும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் உற்பத்தி நின்றுவிடுகிறது. பாத்தியில் விளைந்த உப்பு ஒரே இரவின் மழையில் கரைந்துபோகும். புயல்சின்ன நாட்களில் மீனவர் கடலுக்குச் செல்வதில்லை. செங்கற்சூளை, கட்டட வேலை, நடைபாதை வணிகம் எனத் திறந்த வெளியில் பிழைப்பவர்க்கு அடைமழை என்பது கூலியில்லாத நாட்களின் வரிசை. மழையை இன்பமாக நுகர்வதற்குக் கூரையும் சேமிப்பும் வேண்டும். ஜன்னலோர மழையைப் பாடும் இக்காலக் கவிதைகளும் திரைப்பாடல்களும் இந்த முன்நிபந்தனையைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கோவலரின் பல் நடுங்குவதையும் அரண்மனையின் சாளரம் தாழிடப்பட்டதையும் ஒரே பாட்டில் வைத்த நக்கீரர் இவ்வகையில் அவற்றை எழுதுவோரைவிட நேர்மையானவர்.

சென்னை மழைக்கான ஏக்கத்தையும் மழைமீதான அச்சத்தையும் ஒருசேரச் சுமக்கும் நகரம். 2015 டிசம்பர் 1ஆம் நாளை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவாகி, செம்பரம்பாக்கம் ஏரியின் மிகைநீரும் சேர்ந்து அடையாறு பெருகி, நகரின் தென்பகுதி நீரில் மூழ்கியது. அதற்கு அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவம் பெரிதும் பொய்த்தது. 2019 கோடையில் குடிநீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டுபோக, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலை உயரும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவம் நலிவதும் தமிழகக் கடற்கரையின் வடகிழக்குப் பருவம் வலுப்பதும் பலமுறை காணப்பட்ட போக்கு. 2015 அத்தகைய ஆண்டு. எனவே நாட்டின் பிற பகுதிகள் மழைக்கு ஏங்கும் ஆண்டில் சென்னை மழைக்கு அஞ்ச வேண்டிய நிலை வரலாம். அக்டோபர் பிறந்ததும் வங்கக்கடலின் செயற்கைக்கோள் படங்களும், பள்ளிகளுக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிப்பாரா என்ற பேச்சும், செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டமும் வீட்டுக்கு வீடு பின்தொடரப்படுகின்றன. அந்த ஏரியின் முழு மட்டம் 24 அடி. அம்மட்டம் 15 அடியைத் தாண்டினால் வரும் கோடையைப் பற்றிய கவலை தணிகிறது. 22 அடியை நெருங்கும்போது அடையாற்றங்கரையில் தரைத்தளத்தில் குடியிருப்போர் பொருள்களை மேலே ஏற்றத் தொடங்குகின்றனர்.